செப்டம்பர் 30-இல் எண்ணப்படும் பிள்ளைகள்

மகாராஷ்டிரத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதைத் தீர்மானிப்பது ஒரு தேதி. செப்டம்பர் 30 அன்று பதிவேட்டில் எத்தனை பெயர் இருக்கிறதோ அதை வைத்துத்தான் பணியிடங்களுக்கு ஒப்புதல் தருகிறார்கள். மத்திய அரசின் பள்ளித் தகவல் தொகுப்பான யுடைஸுக்கும் அதே நாள்தான் கணக்கு. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் நல்ல தேதிதான். ஜூன் நடுவில் பள்ளி திறந்து மூன்றரை மாதம் ஓடியிருக்கும். சேர்க்கை முடிந்திருக்கும், பெயர் நீக்கமும் ஓய்ந்திருக்கும். ஆனால் தாணே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஷஹாபூர், முர்பாட் வட்டங்களின் மலையடிவாரத்தில், இந்தத் தேதிக்கு வேறு பொருள். அங்கே நெல் அறுவடை முடிந்து தீபாவளியும் கழிந்ததும் பழங்குடிக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு செங்கல் சூளைகளுக்குக் கிளம்பிவிடும். எண்ணி முடித்த சில வாரங்களில், எண்ணப்பட்டவர்களில் ஒரு பகுதி ஊரில் இருக்காது.

மும்பைத் தமிழர்களுக்குத் தாணே என்றால் ஏரிகளும் கோட்பந்தர் சாலையின் அடுக்குமாடிகளும்தான் நினைவுக்கு வரும். 2011 கணக்கெடுப்பில் ஒரு கோடியே பத்து லட்சம் பேரோடு நாட்டிலேயே மக்கள்தொகை மிகுந்த மாவட்டமாக இருந்தது அது. 2014 ஆகஸ்ட் 1 அன்று பால்கர் தனி மாவட்டமான பிறகும் தாணேக்குள் ஏழு வட்டங்கள் எஞ்சின. கல்யாணைத் தாண்டிக் கசாரா லோக்கலில் உட்கார்ந்திருந்தால் டிட்வாலாவுக்கு அப்பால் அடுக்குமாடிகள் மெலிந்து, ஆசன்காவில் இறங்கும்போது சஹ்யாத்ரி கண்ணெதிரே நிற்கும். ஷஹாபூருக்கு அதுதான் ரயில் நிலையம். முர்பாடுக்கு ரயிலே கிடையாது. தான்சா, பாத்சா அணைகள் ஷஹாபூர் வட்டத்தில்தான் இருக்கின்றன. மும்பைக்குத் தண்ணீர் தரும் வட்டத்தின் குடியிருப்புகள் கோடையில் டேங்கருக்குக் காத்திருக்கும் முரணைப் பலரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், இங்கே விட்டுவிடலாம்.

ஷஹாபூர் சிறிய ஊர். வட்டாட்சியர் அலுவலகம், நீதிமன்றம், சந்தை, பேருந்து நிலையம், இவற்றைச் சுற்றி முளைத்த ஆங்கிலவழித் தனியார் பள்ளிகள். அதைச் சுற்றி மலைச்சரிவுகளில் பாடா என்று அழைக்கப்படும் குடியிருப்புகள். கட்கரி, வார்லி, டாகூர் பழங்குடிகளின் இருபது முப்பது வீடுகள் சேர்ந்தால் ஒரு பாடா. பெரும்பாலான பாடாக்களுக்குப் பக்கத்தில் ஒரு ஜில்லா பரிஷத், அதாவது மாவட்ட ஊராட்சி, தொடக்கப்பள்ளி உண்டு. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், நாலைந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஆணாக இருந்தால் குருஜி, பெண்ணாக இருந்தால் பாயி. கரும்பலகையின் மேல் மூலையில் சுண்ணக்கட்டியால் தினமும் மூன்று எண்கள் எழுதப்படும்: பட், ஹஜர், கைர்ஹஜர். பட் என்றால் பதிவேட்டில் உள்ளவர்கள், ஹஜர் வந்தவர்கள், கைர்ஹஜர் வராதவர்கள். ஆய்வுக்கு வரும் கேந்திரப் பிரமுக், அதாவது பத்துப் பன்னிரண்டு பள்ளிகளுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர், வாசலில் நின்றபடியே முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான். மேலிடத்துக்குப் போவது முதல் எண். வகுப்பை நடத்துவது இரண்டாவது எண். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

முதல் எண் ஏன் இவ்வளவு முக்கியமாகிவிட்டது என்பதற்குக் காரணம் உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது. அதன் விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. பிள்ளைகள் குறையக் குறைய இந்த ஏற்பாடு அரசுக்குச் செலவாகத் தெரியத் தொடங்கியது. 2017 டிசம்பரில், பத்துக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் 1,314 பள்ளிகளை மூடி, பிள்ளைகளை அருகிலுள்ள பள்ளிகளுக்கு மாற்றப்போவதாக மாநில அரசு அறிவித்தது. 2023-இல் வரம்பு இருபதாக உயர்ந்தது. இருபதுக்குக் குறைவான பள்ளிகளைச் சேர்த்து ‘சமூஹ் சாளா’ என்ற கொத்துப் பள்ளிகள் அமைக்கலாமா என்று மாவட்டங்களிடம் கருத்துரு கேட்கப்பட்டது. அப்போது வெளியான கணக்கு: அப்படிப்பட்ட பள்ளிகள் 14,783, பிள்ளைகள் ஏறத்தாழ 1.85 லட்சம், ஆசிரியர்கள் 29,707. பள்ளிக்குச் சராசரி பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். 2024 மார்ச் 15 ஆணை இன்னும் ஒரு படி போய், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் இருபதுக்குக் குறைந்தால் அந்தப் பிரிவுக்கு ஆசிரியர் பணியிடமே இல்லை என்றது.

அதிகாரிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் கடப்பது முறையாகாது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஆறு பேரோடு நாலு ஆண்டு படிக்கும் ஒரு குழந்தைக்கு வகுப்புத் தோழன் என்று ஒருவர்கூட அமையாமல் போகலாம். விளையாட ஓர் அணி சேராது. இரண்டு ஆசிரியரில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் பள்ளி ஒற்றை ஆசிரியர் பள்ளியாகிவிடும். 2024–25 யுடைஸ் கணக்குப்படி நாட்டில் ஒற்றை ஆசிரியர் பள்ளிகள் 1,04,125; ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிகள் 7,993. இவற்றைப் பார்த்துச் சேர்த்துவிடலாமே என்று ஒருவருக்குத் தோன்றினால் அவரைக் கல்வியின் எதிரி என்று சொல்லிவிட முடியாது. என் கேள்வி வேறு. எண்ணிக்கை குறைவு என்பதைப் பள்ளி தோற்றதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்வது சரியா என்பதுதான்.

பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் பதில் மூன்று திசையில் போகிறது. முதலாவது எளிது: வீடுகளில் பிறப்பு குறைந்திருக்கிறது. முன்பு நாலைந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் இப்போது இரண்டு. இதற்கும் பள்ளியின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, ஷஹாபூர் போன்ற ஊர்களின் ஆங்கிலவழிப் பள்ளிகள். காலையில் மஞ்சள் வேன் பிரதான சாலையில் நிற்கும். சாலைக்கு அருகே உள்ள, கையில் கொஞ்சம் காசு புழங்கும் குடும்பங்களின் பிள்ளைகள் அதில் ஏறிப்போகிறார்கள். ஜில்லா பரிஷத் பள்ளிகளும் சும்மா இருக்கவில்லை. கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் ‘செமி இங்கிலீஷ்’ முறையைப் பல பள்ளிகள் தொடங்கின. அதனால் சில இடங்களில் சரிவு நின்றது. ஆனால் வேன் போகாத பாடாக்களில் மூன்றாவது காரணம்தான் பெரியது.

சூளை வேலை மழையோடு ஒத்துப்போகாது. மழை விட்டதும் தொடங்கி, ஜூனில் முதல் மழை விழுவதற்குள் முடிந்தாக வேண்டும். மழைக்காலத்தில் வயல் வேலை தவிர வேறு வருமானம் இல்லாத கட்கரிக் குடும்பங்கள், சூளை முதலாளியிடம் முன்பணம் வாங்கித்தான் அந்த மாதங்களைத் தள்ளும். முன்பணம் வாங்கினால் குடும்பமாகப் போய்த்தான் கழிக்க முடியும். பிவண்டி, கல்யாண், வசாய், பன்வேல் பக்கத்துச் சூளைகளில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. விடியுமுன்பே எழுந்து மண் குழைப்பார்கள். அப்பா அச்சில் அடித்துக் கவிழ்ப்பார், அம்மா மண் சுமப்பார். பச்சைக்கல் ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிவைக்க வேண்டும். ஈரம் முழுதாகப் போகாத கல்லின்மேல் பெரியவர்கள் கால் வைத்தால் உடையும். எடை குறைந்த பிள்ளைகள் வரிசைக்குள் நடந்து திருப்பலாம். ஆறு வயதிலிருந்தே பிள்ளைக்கு அங்கே வேலை இருக்கிறது என்பதன் பொருள் இதுதான். கைக்குழந்தை இருந்தால் எட்டு வயது அக்காவுக்கு வேறு வேலையே வேண்டாம்.

இந்தப் பிள்ளை செப்டம்பர் 30 அன்று ஷஹாபூரின் பட்-இல் இருக்கிறது. ஜனவரியில் கைர்ஹஜர். பிப்ரவரியில் பிவண்டிச் சூளைக்குப் பக்கத்து ஜில்லா பரிஷத் பள்ளியில் அது சேரலாம், சட்டம் அனுமதிக்கிறது. ஊரைவிட்டுப் போகும்போது எந்த வகுப்பு, எவ்வளவு வாசிக்கத் தெரியும் என்று குறித்துக் கொடுக்கும் ‘சிக்‌ஷண் ஹமி’ அட்டையையும் மகாராஷ்டிரம் வைத்திருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் பிவண்டிப் பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கை அதற்குமுன் செப்டம்பரிலேயே முடிவாகிவிட்டது. சூளைக்காலத்தில் அந்தப் பள்ளியில் திடீரென்று இருபது பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால், அவர்களுக்கென்று ஓர் ஆசிரியர் எந்தப் படிவத்திலும் கிடையாது. அனுப்பும் பள்ளியில் காலி பெஞ்சுகளின் முன் இரண்டு ஆசிரியர். பெறும் பள்ளியில் நெரிசல். எண்ணிக்கைத் தாளில் இரண்டுமே தெரியாது.

இதைத் தொண்ணூறுகளிலேயே உணர்ந்தவர்கள் உண்டு. வசாயில் இயங்கிய விதாயக் சன்சத் என்ற அமைப்பு, சூளைகளிலேயே ‘போங்கா சாளா’க்களை நடத்தியது. போங்கா என்பது சூளைத் தொழிலாளி தட்டியும் வைக்கோலும் கொண்டு கட்டிக்கொள்ளும் தற்காலிகக் குடிசை. அதே மாதிரி ஒரு குடிசை, ஓர் இளைஞர், ஒரு கரும்பலகை. பிற்பாடு மராத்வாடாவின் கரும்பு வெட்டும் குடும்பங்களுக்காகச் சர்க்கரை ஆலைகளின் பக்கத்தில் வந்த ‘சாகர் சாளா’க்களும் இதே தர்க்கம்தான். நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு வரும் ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, ஒடியாப் பாடநூல்களையும் ஒடியா ஆசிரியர்களையும் வரவழைத்து வகுப்பு நடத்தியிருக்கிறது தமிழ்நாட்டு அரசு.

எண்ணிக்கையின்மேல் ஒரு பள்ளியின் உயிரே தொங்கும்போது எண்ணிக்கைக்கு என்ன ஆகும் என்பதை மகாராஷ்டிரம் 2011-லேயே கண்டுவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 3 முதல் 5 வரை மாநிலம் பூராவும் ‘பட்படதாளணி’ என்ற நேரடிச் சரிபார்ப்பு நடந்தது. ஒரே பிள்ளையை இரண்டு பள்ளிகளில் காட்டிவிடக்கூடாது என்பதற்காகத் தேர்தலில் போலப் பிள்ளைகளின் விரலில் மை வைத்தார்கள். பதிவேட்டில் பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாத இடங்கள் லட்சக்கணக்கில் வெளிவந்தன. மானியத்துக்காகவும் பணியிடத்துக்காகவும் பெயர்களை ஊதிக்காட்டியவர்களில் உதவிபெறும் தனியார் நிறுவனங்களும் ஏராளம். அதன்பின் கணக்கு ஆதாரோடு இணைந்தது, மாநில அரசின் ‘சரல்’ தளத்தில் பிள்ளை பிள்ளையாகப் பதிவானது. போலிப் பெயர்கள் பெருமளவு போயிருக்கலாம். ஆனால் ஆதார் உள்ள, உண்மையான, பிப்ரவரியில் சூளையில் இருக்கும் பிள்ளையை எந்த மென்பொருளும் பிடிக்காது. அது போலி அல்ல. தேதிதான் தப்பு.

சேர்க்கைக்கும் கற்றலுக்கும் உள்ள உறவு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு நாடளாவிய சான்று ஒன்று கையில் இருக்கிறது. மும்பைச் சேரிகளில் 1995 வாக்கில் பிறந்த பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்தும் அசர் ஆய்வு, பள்ளியில் அல்லாமல் கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லும். அதன்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் சேர்ந்தவர்கள் 2018-இல் 65.6 விழுக்காடு. கொரோனாவில் வருமானம் போனதும் மலிவுத் தனியார் பள்ளிகள் மூடியதும் சேர்ந்து 2022-இல் அது 72.9 ஆனது. 2024-இல் மறுபடி 66.8. இதே ஆண்டுகளில், அரசுப் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 20.9, 16.3, 23.4 விழுக்காடு. சேர்க்கை ஏறியபோது வாசிப்பு இறங்கியது, சேர்க்கை இறங்கியபோது வாசிப்பு ஏறியது. மகாராஷ்டிரக் கிராமங்களிலும் 2022-இல் 67 விழுக்காட்டை ஒட்டி இருந்த அரசுப் பள்ளிச் சேர்க்கை 2024-இல் 61 பக்கம் இறங்கியது. கொரோனா என்ற தனிக்காரணம் இதில் இருக்கிறது என்பது உண்மை. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கிறது என்று யாரும் வாதிட வேண்டாம். ஆனால் ‘பிள்ளைகள் போகிறார்கள், ஆகவே பள்ளி சரியில்லை’ என்ற பேச்சுக்கு இந்த எண்கள் ஆதரவு தரவில்லை என்பது தெளிவு.

சிறிய பள்ளிகளின் ‘தேர்ச்சி’யை விழுக்காட்டில் பேசுவது இன்னொரு கண்கட்டு. எட்டுப் பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை பன்னிரண்டரை விழுக்காடு. அவன் தேர்வு நாளில் காய்ச்சலில் படுத்துவிட்டால் பள்ளி மாவட்டப் பட்டியலில் பாதாளத்துக்குப் போகும். அடுத்த ஆண்டு நல்ல வாசகி ஒருத்தி சேர்ந்தால் உச்சிக்கு வரும். இதில் அமெரிக்காவே ஏமாந்திருக்கிறது. சிறந்த பள்ளிகளின் பட்டியலில் சின்னப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன என்று கண்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பில் கேட்ஸின் அறக்கட்டளை பெரிய பள்ளிகளைச் சிறியனவாகப் பிரிக்கப் பெரும் பணம் செலவிட்டது. புள்ளியியலாளர் ஹோவர்ட் வைனர் பென்சில்வேனியாவின் கணக்குகளை எடுத்துப் பார்த்து, மோசமான பள்ளிகளின் பட்டியலிலும் சின்னப் பள்ளிகளே அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டினார். சின்னக் கூட்டத்தின் சராசரி ஆடும், அவ்வளவுதான். சின்னது அழகு என்பதும் சின்னது வீண் என்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். பாடாப் பள்ளியை மதிப்பிட ஒரே வழி, ஒவ்வொரு பிள்ளையாக, போன ஜூலையில் எந்த இடத்தில் இருந்தது, இந்த ஜூலையில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான். பதினைந்து பிள்ளைக்கு அது ஒரு முற்பகல் வேலை.

போங்கா சாளாக்களுக்குத் திரும்புவோம். வேடிக்கை என்னவென்றால், பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பள்ளி போக வேண்டும் என்ற யோசனையே இந்த மாவட்டத்தின் பழைய எல்லைக்குள் வளர்ந்ததுதான். 1945-இல், அன்றைய தாணே மாவட்டத்தின் கடலோர ஊரான போர்டியில், தாராபாய் மோடக் குழந்தைகள் கல்விக்காக ஒரு மையம் தொடங்கினார். பவநகரில் கல்வியாளர் கிஜுபாய் பதேகாவோடு வேலை செய்தவர், மாண்டிசோரி முறையை இந்திய ஏழைக்கு ஏற்றதாக மாற்ற முயன்றவர். அதே ஆண்டு மே மாதம், தலாசரி அருகே ஜரி என்ற ஊரில், விவசாயிகள் இயக்கத் தலைவர் கோதாவரி பருலேக்கரும் தோழர்களும் திரட்டிய வார்லிகள், பண்ணையாருக்குக் கூலியில்லாமல் உழைக்கமாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். இரண்டு இடத்துக்கும் தூரம் அதிகமில்லை. கொத்தடிமை வேலையிலிருந்து தலைநிமிர்ந்த அந்த வார்லிகளின் பிள்ளைகளிடமும் தாராபாயின் பள்ளி பின்னாளில் போய்ச் சேர்ந்தது.

ஊர் நடுவில் பள்ளி வைத்தபோது சேரிப் பிள்ளைகள் வரவில்லை. வரவைப்பதற்குப் பதிலாக அவர்கள் வாசலிலேயே வகுப்பைப் போட்டார் தாராபாய். அங்கன்வாடி முறைக்கு அதுதான் தொடக்கம். விலையுயர்ந்த மாண்டிசோரி மரச்சாமான்களுக்குப் பதில் விதை, இலை, கூழாங்கல், சிப்பி. போர்டியிலேயே வந்து சேர்ந்தவர் அனுதாய் வாக், சிறுவயதிலேயே கணவனை இழந்து படித்து ஆசிரியையானவர். 1957-இல் மையம் டஹாணு அருகே கோஸ்பாட் மலைக்கு, வார்லிகளின் நடுவே மாறியது. அங்கே புது இடைஞ்சல்கள். மாடு மேய்க்கப் போகும் பையன்கள் வரமாட்டார்கள். ஆகவே ஆசிரியர் மேய்ச்சல் வெளிக்குப் போனார். தம்பி தங்கையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்பிள்ளை வரமுடியாது. ஆகவே தொட்டில் அறை, பாலர் வகுப்பு, தொடக்கப்பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். கைக்குழந்தையை ஒரு பக்கம் விட்டுவிட்டு அக்கா அடுத்த அறையில் படிக்கலாம். பிள்ளை ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பிட்ட பதில் தேடி, அதற்கேற்பப் பள்ளியை வளைத்தார்கள். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிப் பெயரை எடுத்துக்கொண்டது. அந்த வளைந்துகொடுக்கும் தன்மையை எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பது வேறு கதை. 2021-இல் தமிழ்நாடு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது மாலை நேர வகுப்புகள் வீட்டுத் திண்ணைகளிலும் தெருக்களிலும் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை புதிதாக இருக்காது.

அண்மைக் காலத்திலும் இந்தப் பகுதி வெறுங்கையோடு இல்லை. 2015 ஜூனில் மாநில அரசு ‘பிரகத் சைக்‌ஷணிக் மகாராஷ்டிரா’ இயக்கத்தைத் தொடங்கிய காலத்தில், ஷஹாபூர் வட்டத்தின் பாஷ்டேபாடாவில் சந்தீப் குண்ட் என்ற ஜில்லா பரிஷத் ஆசிரியர், சூரிய மின்சாரத்தில் டிஜிட்டல் வகுப்பறை நடத்திக் காட்டினார்; பல மாவட்டத்து ஆசிரியர்கள் அதைப் பார்க்கப் போனார்கள். முர்பாட் வட்டத்தின் பாங்கணேயில், 2016 மார்ச் 8 அன்று யோகேந்திர பாங்கர் என்ற ஆசிரியர் பாட்டிகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். அறுபது முதல் தொண்ணூறு வயது வரையான பெண்கள் இளஞ்சிவப்புச் சேலையில் சிலேட்டோடு உட்கார்ந்த படம் உலகமெங்கும் போனது. மாவட்டத்துக்கு வெளியே, புணே பக்கம் ஜாலிந்தர்நகரில், மூன்று பிள்ளைகளோடு மூடப்படும் நிலையில் இருந்த ஜில்லா பரிஷத் பள்ளி, தத்தாத்ரேய வாரே பொறுப்பேற்ற பிறகு நூற்றுக்கு மேல் வளர்ந்து, 2025-இல் உலகின் சிறந்த பள்ளிகளுக்கான போட்டியில் மக்கள் தெரிவு விருதை வென்றது. எண்ணிக்கை விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்திருந்தால் பரிசு வாங்க அந்தப் பள்ளியே இருந்திருக்காது.

இப்படிப்பட்ட கதைகளை நான் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். நாயகன் ஆசிரியர் வந்தால் பள்ளி பிழைக்கும் என்பது பத்திரிகைக்கு நல்ல செய்தி, நிர்வாகத்துக்குச் சௌகரியமான சாக்கு. வாரே இல்லாத பதினாலாயிரம் பள்ளிகளில் சாதாரண ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மழையில் ஓடை தாண்டி மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள், மதிய உணவுக் கிச்சடி அரிசிக்குக் கணக்கு எழுதுகிறார்கள், வீட்டில் வார்லியோ கட்கரியோ பேசும் பிள்ளைக்குப் புத்தக மராத்தியில் முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மொழியின் அந்தத் தாவலைக் கடப்பதற்கே ஓராண்டு போய்விடும் என்பதைப் பால்கரின் சோனாளேயை மையமாக வைத்து 2007 முதல் வேலை செய்யும் க்வெஸ்ட் அமைப்பினர் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். ஆண்டின் பாதியில் சூளைக்குப் போகும் பிள்ளை இந்தத் தாவலை ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகத் தாவ வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கைக்கும் கற்றலுக்கும் உள்ள இடைவெளியின் மறுபக்கம் நகரத்தில் தெரியும். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. தாராவியில் தமிழ்வழி வகுப்புகள் மெலிந்ததற்குப் பெற்றோர் ஆங்கிலத்தைத் தேர்ந்ததே முதற்காரணம். ஆசிரியர்களின் உழைப்பு ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. 2020-இல் மாநகராட்சி ‘மும்பை பப்ளிக் ஸ்கூல்’ என்று பெயர் மாற்றி, ஜோகேஸ்வரி பூனம் நகரில் சிபிஎஸ்இ பள்ளியும் மாட்டுங்கா வுலன் மில்லில் ஐசிஎஸ்இ பள்ளியும் தொடங்கியபோது, இருக்கும் இடங்களைவிட விண்ணப்பம் கூடி, பின்னர் குலுக்கல் வைக்கும் நிலை வந்தது. அதே மாநகராட்சிதான், பலகைதான் மாறியது. பெற்றோர் எதைக் கேட்கிறார்கள் என்பதைச் சேர்க்கை சொல்கிறது. பிள்ளை எதைக் கற்கிறது என்பதை அல்ல. தாராவிப் பெற்றோருக்குக் கேட்கும் வசதியாவது இருக்கிறது. பாடாவில் வேன் வராது, குலுக்கலும் கிடையாது.

சிறிய பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீனா பெரிய அளவில் விடை தந்திருக்கிறது. 2001 முதல் அங்கே கிராமப் பள்ளிகளை இணைக்கும் கொள்கை நடந்து, பத்தாண்டில் கிராமத் தொடக்கப்பள்ளிகள் பாதிக்கு மேல் மறைந்தன. பிள்ளைகள் மைல் கணக்கில் நடந்தார்கள், அல்லது சின்ன வயதிலேயே விடுதிக்குப் போனார்கள். இடைநிற்றல் பற்றிய புகார்கள் பெருகின. 2012-இல் அரசே இந்த இணைப்புக்குத் தடை போட்டது. ஷஹாபூரிலும் முர்பாடிலும் பருவமழையில் ஓடைகள் பெருகும்போது வரைபடத்தின் ஒரு கிலோமீட்டர் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டராக இருப்பதில்லை. பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஆசிரமப் பள்ளி என்ற விடுதிப் பள்ளிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆறேழு வயதில் வீட்டைவிட்டு அங்கே போவதற்கு மாற்றாக இருப்பதே பாடாவின் இந்த இரண்டு அறைப் பள்ளி.

கட்கரிப் பிள்ளையின் இடப்பெயர்வில் ஓர் அனுகூலமும் உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. திருவள்ளூருக்கு வரும் பிள்ளை மாநிலம் தாண்டி, மொழி தாண்டி வருகிறது. ஷஹாபூரிலிருந்து பிவண்டிக்கோ கல்யாணுக்கோ போகும் பிள்ளை அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. கிளம்பிய பள்ளியும் சூளைக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளியும் ஒரே ஜில்லா பரிஷத்தின் கீழ், ஒரே கல்வி அதிகாரியின் மேசையில் வருகின்றன. சரல் தளத்தில் பிள்ளையின் அடையாள எண் மாறுவதில்லை, பாடநூலும் மாறுவதில்லை. எந்தச் சூளைக்கு எந்தப் பாடாவிலிருந்து ஆட்கள் போகிறார்கள் என்பது முன்பணம் கொடுக்கும் முகவருக்கும் பாடா ஆசிரியருக்கும் மனப்பாடம். ஜனவரியில் ஒருமுறை சூளைகளில் எண்ணி, பாடாப் பள்ளியில் வேலை குறைந்திருக்கும் இரண்டாவது ஆசிரியரை மே வரை பிவண்டிக்கு மாற்றுப் பணியில் அனுப்புவதற்குப் புதுப் பணியிடமும் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். பயணப்படியும் மாவட்ட மட்டத்தில் ஓர் ஆணையும் போதும் என்றே நினைக்கிறேன். பாடாவில் மிஞ்சும் பிள்ளைகளை ஒரே ஆசிரியர் அந்த ஐந்து மாதம் கவனிக்க வேண்டிவரும். அது குறைதான், இன்று பிப்ரவரியில் இரு இடத்திலும் நடப்பதைவிடச் சின்னக் குறை.